மஞ்சள், நீள்வட்டம்

என் ஜியாமெட்ரி பாக்ஸில் காம்பஸ் கிடையாது,
ஒன்பதாவதிலேயே தொலைத்துவிட்டேன்.
அது படுத்திருந்த பள்ளத்தில்
காய்ச்சலுக்கு நாலு, வயிற்றுவலிக்கு மூணு,
தும்மலுக்கு வெள்ளையாய்ப் பொடிசாய் ஒன்று.
ப்ளஸ் டூ பி பிரிவில்
என் பெயர் டாக்டர்.

புதுவயலில் தும்மாதவர் யார்?
விடியுமுன்னே மில்லுகளின் உமிச்சாம்பல் இறங்கிவிடும்
கொடியில் கிடக்கும் வெள்ளைத் துப்பட்டாவில்
காற்புள்ளி காற்புள்ளியாய்.
தட்டிவிட்டால் கோடாகும்.
அப்படியே போட்டுக்கொண்டு போவோம்.

அம்மா நெல்லுக் களத்தில் துழாவுகிறாள்.
அவள் முட்டிவலி டப்பாவில் திருடித்தான்
கடையைத் தொடங்கினேன்.
பிறகு மெடிக்கல் அண்ணன்.
"யாருக்கு?" என்று ஒரே ஒருமுறை கேட்டார்.
"அம்மாவுக்கு."
அன்றிலிருந்து அம்மாதான் என் மருந்துச்சீட்டு.

ரெண்டு கேட்டால் ரெண்டாய் வெட்டித் தருவார்.
அவர் கத்திரி எப்போதும் பேரின் நடுவில்தான் போகும்.
என்னிடம் சேர்ந்தவை எல்லாம்
தலையில்லாத பேர்கள், தேதியில்லாத பட்டைகள்.
அதனால் நாங்களே பேர் வைத்தோம்:
கணக்குப் பரீட்சை மாத்திரை.
ரிவிஷன் ராத்திரி மாத்திரை.
பால்குடத்துக்குத் தள்ளிப்போடும் மாத்திரை.

அழகுநாச்சி அதைப் பதினோரு நாள் போட்டாள்.
பால்குடம் எடுத்தாள், நெற்றி நிறையக் குங்குமம்,
போட்டோவில் சிரிக்கிறாள்.
அப்புறம் இருபது நாள் நிற்கவில்லை.
என்னிடம் மட்டும் சொன்னாள்.
"பயப்படாதே, சரியாயிடும்" என்றேன்,
ஒரு டாக்டர் சொல்வது போலவே.

ஹஸ்னாவுக்குக் கடைவாய்ப் பல்.
வேதியியல் தேர்வன்று காலை,
கன்னத்தைப் பொத்திக்கொண்டு வந்து கை நீட்டினாள்.
மஞ்சள் ஒன்று கடைசியாய் இருந்தது. கொடுத்தேன்.
இரண்டாம் பீரியடில் உதடு தடித்தது.
"பல்லுவலி ஒதட்டுக்கு வந்துருச்சுடி."
சிரித்தோம்.
அவளும் சிரித்தாள், ஒரு பக்கமாய்.
மூன்றாவதில் கண் மூடிக்கொண்டது.
பிறகு குரல்.

ஆட்டோவில் வேதியியல் டீச்சர் மடியில் அவள் தலை.
காரைக்குடி அவ்வளவு தூரம் என்று
அதுவரை எனக்குத் தெரியாது.

"என்ன மாத்திரை குடுத்தீங்க?"
"மஞ்சள், சார்."
"பேரு?"
"நீள்வட்டமா இருக்கும், சார்."

நீள்வட்டத்தின் பரப்பளவு தெரியும். பை ஏ பி.
தொகையிட்டும் கொண்டுவருவேன், ஐந்து மதிப்பெண்.
குவியம் தெரியும், இயக்குவரை தெரியும்.
அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு
ஊசியை எடுத்துக்கொண்டு திரை விலக்கிப் போனார்.
உள்ளே இருந்து
ஹஸ்னாவின் மூச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது,
சைக்கிள் டியூபில் ஓட்டை தேடும்போது வருவது போல.

மறுநாள் மெடிக்கலில் கேட்டேன்.
"மஞ்சளா? நம்ம கடைல இல்லையே, பாப்பா"
என்றார் அண்ணன்,
கத்திரியை டிராயருக்குள் தள்ளியபடி.

பிழைத்தாள்.
ஆறாம் நாள் வந்தாள், அதே பெஞ்ச்.
டாக்டர் எழுதித் தந்த அட்டையைக் காட்டினாள்,
எப்போதும் பையில் இருக்க வேண்டுமாம்.
'ஒவ்வாத மருந்து' என்ற இடத்தில்
'பெயர் தெரியாத மஞ்சள் மாத்திரை.'
திட்டியிருக்கலாம்.
அட்டையை மடித்து வைத்துவிட்டு
இயற்பியல் நோட்டு கேட்டாள்.

எனக்கும் தினம் சாயங்காலம் தலைவலி உண்டு.
யாரிடமும் சொன்னதில்லை.
டாக்டருக்குத் தலைவலி வரலாமா?
பாக்ஸைக் காலிசெய்த பிறகு
அது காலையிலேயே வந்துவிடுகிறது.
பின்பெஞ்சிலிருந்து இன்னமும்
யாராவது முதுகில் தட்டுகிறார்கள்,
"டாக்டர், ஒண்ணு இருக்கா?"

நேற்று ராத்திரி அம்மா
காலை நீட்டி உட்கார்ந்து கேட்டாள்,
"அந்த முட்டி மாத்திரை ரெண்டு எடு."
மஞ்சள் தீர்ந்து இப்போது ஆரஞ்சு தருகிறார்கள்.
பட்டையைத் திருப்பினேன்.
விளக்கடியில் பிடித்தேன்.
பேரின் கடைசி மூன்று எழுத்து,
அதற்குமுன் கத்திரி வெட்டு.

"அதுல என்னடி படிக்கிறே,
குடு இங்க."